ஓக் பீப்பாயும் சுண்ணாம்புக் கலயமும்

ஒயின் குடிக்கவும் ஒரு வகுப்பு உண்டு என்பது அந்தத் தென்காசிப் பையனுக்கு நாசிக் போகும் வரை தெரியாது.

பையன் புனேவில் எம்.எஸ்ஸி. படிக்கிறான். போன பிப்ரவரியில் கூடப் படிக்கிறவர்கள் நாலு பேர் சேர்ந்து, நாசிக் பக்கம் ஒரு குடும்பம் நடத்தும் ஒயின் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். பெரிய கம்பெனி எல்லாம் இல்லை. அப்பா தோட்டத்தைப் பார்க்கிறார், பெரிய மகன் ஒயின் செய்கிறான், சின்ன மகன் வருகிறவர்களுக்குச் சுற்றிக் காட்டுகிறான். அவ்வளவுதான். சுவரில் தாத்தா படம் மாலையோடு தொங்குகிறது.

சின்ன மகன் ஒரு கண்ணாடிக் குவளையில் ரெண்டு விரல் அளவு ஊற்றிக் கொடுத்தான். வெளிறிய தங்க நிறம். பெயர் சார்டொனே. முதலில் சுழற்ற வேண்டுமாம், பிறகு மூக்கை உள்ளே விட்டு மோந்து பார்க்க வேண்டுமாம், பிறகு ஒரு வாய் எடுத்து நாக்கில் உருட்ட வேண்டுமாம். பையன் எல்லாம் செய்தான். "என்ன தெரிகிறது?" என்று கேட்டார்கள். ஒருத்தி "வெண்ணெய்" என்றாள். ஒருத்தன் "வெனிலா" என்றான். நம்ம ஆள் கொஞ்சம் யோசித்துவிட்டு "தேங்காய்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். தெற்கத்திக்காரனுக்கு எதைக் குடித்தாலும் தேங்காய்தான் என்று கிண்டல் வேறு.

ஆனால் சுற்றிக் காட்டிய சின்ன மகன் சிரிக்கவில்லை. "சரியாச் சொன்னீங்க" என்றான்!

விஷயம் என்னவென்றால், சார்டொனே திராட்சைக்கென்று பெரிய வாசனை எதுவும் கிடையாது. பிரான்சில் பர்கண்டி என்ற பகுதிதான் அதற்குச் சொந்த ஊர். எஃகுத் தொட்டியில் செய்தால் எலுமிச்சை, பச்சை ஆப்பிள் மாதிரி லேசாக இருக்கும். அதையே ஓக் மரப் பீப்பாயில் மாதக்கணக்கில் வைத்தால் ஆளே மாறிவிடும். பீப்பாய் செய்யும்போது உள்பக்கத்தை நெருப்பில் வாட்டுவார்கள். அந்த மரத்தில் இருந்துதான் வெனிலா வாசனை இறங்குகிறது (வெனிலாக் காயில் இருக்கும் அதே வேதிப்பொருள்தான்). தேங்காய் வாசனையும் ஓக் மரத்தில் உள்ள லாக்டோன் என்ற பொருளால் வருவது. வெண்ணெய் வாசனை மட்டும் மரத்தால் வருவது இல்லை. ஒரு வகை பாக்டீரியா ஒயினில் உள்ள புளிப்பான மாலிக் அமிலத்தை மிதமான லாக்டிக் அமிலமாக மாற்றும்போது உண்டாகிற டைஅசிட்டைல் என்ற பொருள்தான் அந்த வெண்ணெய்.

ஆக, குவளையில் இருந்தது பாதி திராட்சை, பாதி பாத்திரம்!

அவன் மண்டைக்குள் ஒரு பல்ப் எரிந்தது அந்த இடத்தில்தான். பாத்திரத்தின் ருசி குடிக்கிற பொருளில் இறங்குவது அவனுக்குப் புதுசா என்ன? பாவூர்சத்திரம் பக்கத்துக் கிராமத்தில் அவனுடைய அம்மாவைப் பெற்ற தாத்தா ஐம்பது வருஷமாக அதைத்தானே செய்துகொண்டிருக்கிறார்!

தாத்தா பனையேறி.

*

குற்றாலத்துக்கு வருகிற வெளியூர்க்காரர்களுக்குத் தென்காசி என்றால் அருவி, சாரல், பார்டர் பரோட்டா. அதெல்லாம் ஜூனில் ஆரம்பிக்கிற கதை. அதற்கு முன்னால் தை, மாசி தொடங்கி வைகாசி வரைக்கும் இந்த ஊருக்கு இன்னொரு சீசன் உண்டு. அது வெயிலின் சீசன், பதனியின் சீசன். (புத்தகத்தில் பதநீர். ஊரில் பதனி. நாகர்கோவில் பக்கம் போனால் அக்கானி.) குற்றால சீசன் ஆரம்பித்தால் பதனி சீசன் முடிந்தது என்று அர்த்தம். சாரல் விழுந்தால் பதனி சப்பென்று ஆகிவிடும் என்பார் தாத்தா. ஆரியங்காவு கணவாய் வழியாகக் காற்று வேறு பிய்த்துக்கொண்டு வரும். அந்தக் காற்றில் ஐம்பது அறுபது அடி உயரத்தில் நிற்க முடியாது.

பதனி எப்படி இறங்குகிறது என்று தெரியாத நண்பர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். பனையில் பூ வரும் பாளையை இடுக்கியால் பதமாக நசுக்கி, நுனியைப் பாளை அரிவாளால் மெல்லிசாகச் சீவ வேண்டும். சீவிய இடத்தில் சொட்டுச் சொட்டாக நீர் வடியும். அதில் ஒரு மண் கலயத்தைக் கட்டிவிட வேண்டும். காலையில் ஏறி, கலயத்தில் சேர்ந்ததைக் குடுவையில் ஊற்றிக்கொண்டு, பாளையை மறுபடி சீவி, கலயத்தை மறுபடி கட்ட வேண்டும். சாயங்காலம் மறுபடி ஏறிச் சீவ வேண்டும். ஒரு நாள் சீவாமல் விட்டால் பாளை காய்ந்துபோகும். அதனால் ஞாயிறு, திருவிழா, காய்ச்சல் எதற்கும் லீவு கிடையாது. ஒரு ஆள் முப்பது நாற்பது மரம் ஏறுவது அந்தக் காலத்தில் சாதாரணம். தாத்தா இப்போது ஏறுவது பன்னிரண்டு. வயது 68.

இதில் முக்கியமான சங்கதி சுண்ணாம்பு. பனையில் இருந்து வடிகிற நீரில் நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பங்கு சர்க்கரை. காற்றில் உள்ள ஈஸ்ட் அதை விடுமா? வடிந்த சில மணி நேரத்திலேயே புளிக்க ஆரம்பித்துவிடும். அப்படியே விட்டால் கள். கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவி வைத்தால் ஈஸ்ட்டின் வேலை நடக்காது, இனிப்பு அப்படியே நிற்கும். அது பதனி. ஒரே மரம், ஒரே பாளை, ஒரே நீர். வித்தியாசம் ஒரு பூச்சு சுண்ணாம்பு மட்டும்.

அந்த ஒரு பூச்சு, சட்டத்துக்கும் எல்லைக்கோடு. தமிழ்நாட்டில் 1987 ஜனவரி 1 முதல் கள் இறக்கத் தடை. சுண்ணாம்பு தடவினால் தொழில், தடவாவிட்டால் கேஸ். ஆனால் தென்காசியில் இருந்து செங்கோட்டை, புளியரை தாண்டி மலை ஏறினால் கேரளா. அங்கே கள்ளுக்கடை போர்டு வைத்தே நடக்கிறது. இதில் இன்னொரு வேடிக்கை, அந்தச் செங்கோட்டையே 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர் பக்கம்தான் இருந்தது. கோடு நகர்ந்தது. பனை நகரவில்லை.

*

ஏப்ரலில் பையன் ஊருக்கு வந்தான். மறுநாள் விடியற்காலையிலேயே தாத்தா வீட்டுக்குப் போய்விட்டான். தாத்தா மரத்தில் இருந்து இறங்கிக்கொண்டிருந்தார். இடுப்பில் அருவாப்பெட்டி, காலில் தளைநார், கையில் குடுவை.

"ஏல, எப்ப வந்த? பதனி குடிக்கியா?"

பதிலுக்குக் காத்திருக்காமல் பனையோலையை மடக்கிப் பட்டை பிடித்து, பன்னாடையில் வடிகட்டி ஊற்றினார். பையன் வழக்கம்போல ஒரே மடக்கில் குடிக்கவில்லை. பட்டையை லேசாக ஆட்டினான். மூக்கை உள்ளே விட்டு மோந்தான். ஒரு வாய் எடுத்து நாக்கில் உருட்டினான்.

தாத்தா ஒரு மாதிரியாகப் பார்த்தார். "என்னல, எறும்பு கெடக்கா?"

நாசிக் கதையைச் சொன்னான். ஒயினுக்கு அங்கே இப்படித்தான் ருசி பார்ப்பார்கள், பீப்பாய் மரத்தின் ருசிக்குக்கூடப் பெயர் வைத்திருக்கிறார்கள், ஒரு பாட்டில் ஆயிரம் ரூபாய்க்கு மேலே என்றெல்லாம் சொன்னான். தாத்தா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"அந்தப் பீப்பாய்க்காரன் மரம் ஏறுவானா?"

"இல்ல தாத்தா. அது கொடி. நின்னுக்கிட்டே பறிக்கலாம்."

"அதான் பேரு வைக்க நேரம் இருக்கு."

அதோடு நிறுத்தவில்லை. அடுத்த மரத்துப் பதனியைத் தனியாக ஒரு பட்டையில் ஊற்றி நீட்டினார். "இதக் குடிச்சிட்டுச் சொல்லு." வித்தியாசம் இருந்தது! முதலாவது கொழகொழப்பாக, நாக்கின் ஓரத்தில் லேசாக மாவு மாதிரி. இரண்டாவது தெளிவாக, இனிப்பு தூக்கலாக, கடைசியில் ஒரு மெல்லிய புகை வாசனை.

"மொதல்ல குடிச்சது பருவப்பனை. இது அலகுப்பனை" என்றார் தாத்தா. (பருவப்பனை என்றால் நுங்கு காய்க்கிற பெண் மரம். அலகுப்பனை ஆண் மரம்.) "அது பழைய கலயம், சுண்ணாம்பு ஊறிப்போய்க் கெடக்கு. இது புதுக் கலயம், சூளை வாசம் இன்னும் போகல. கொஞ்சம் கூடுதலா சுண்ணாம்பு போட்டா நாக்கு வெந்துரும். கொறச்சுப் போட்டா பத்து மணிக்கெல்லாம் பொங்கிரும். மேகம் போட்டா ஒரு அளவு, வெயிலடிச்சா ஒரு அளவு. செவல் மண்ணு மரத்துக்கு ஒண்ணு, ஓடைக்கரை மரத்துக்கு ஒண்ணு."

"இதெல்லாம் எங்கயாவது எழுதி வச்சிருக்கீங்களா தாத்தா?"

தாத்தா கையைத் தூக்கிக் காட்டினார். சுண்ணாம்பு அரித்து அரித்து வெள்ளையாக வெடித்துப்போன விரல்கள்.

*

1976 மே 24 அன்று பாரிசில் ஒரு போட்டி நடந்தது. ஸ்டீவன் ஸ்பரியர் என்ற இங்கிலாந்துக்காரர் நடத்தினார். பாட்டிலில் இருக்கும் பெயரை மறைத்துவிட்டு, பிரெஞ்சு நடுவர்களுக்கு பிரெஞ்சு ஒயினையும் கலிபோர்னியா ஒயினையும் கலந்து கொடுத்தார்கள். பிரான்சுதான் ஜெயிக்கும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் வெள்ளை ஒயினில் முதலிடம் வந்தது கலிபோர்னியாவின் ஷாட்டோ மாண்டெலீனா செய்த 1973 சார்டொனே! பாரெட் என்ற குடும்பம் பாழடைந்து கிடந்த பழைய ஒயின் ஆலையை எடுத்துத் திருப்பி எழுப்பிய சில வருஷங்களிலேயே கிடைத்த வெற்றி அது. அதற்குப் பிறகு கலிபோர்னியா ஒயினின் மதிப்பே மாறிப்போனது.

அந்த மோகத்தில் ஒரு கூத்தும் நடந்தது. சார்டொனேவுக்குக் கிராக்கி ஏற ஏற, கண்ட கண்ட இடத்தில் எல்லாம் ஓக்கைப் போட்டுத் தாக்கினார்கள். பீப்பாய் வாங்கக் காசில்லாதவன் மரச்சில்லைத் தொட்டியில் ஊற வைத்தான். கடைசியில் 1990-களில் ஜனங்களுக்கே சலித்துப்போய், "சார்டொனே தவிர வேற என்ன இருந்தாலும் குடுங்க" என்பது ஒரு கோஷமாகவே ஆகிவிட்டது. தாத்தா சொன்னதுதான். அளவு கூடினால் நாக்கு வெந்துவிடும். பர்கண்டியின் 228 லிட்டர் பீப்பாய்க்கும் பாவூர்சத்திரத்துக் கலயத்துக்கும் விதி ஒன்றுதான்.

பிறகு வித்தியாசம் எங்கே? அங்கே அந்த அளவு எழுதப்பட்டிருக்கிறது. எந்தக் காட்டு ஓக், எவ்வளவு நேரம் வாட்டியது, எத்தனை மாதம் ஊறியது என்று எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. அப்பா போனால் மகன் அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்துக்கொள்ளலாம். இங்கே நோட்டு என்பது தாத்தாவின் விரல். பதனியைப் பாட்டிலில் அடைத்துப் பத்து வருஷம் வைக்கவும் முடியாது. காலையில் இறங்குவது மத்தியானத்துக்குள் குடித்தாக வேண்டும், இல்லையென்றால் காய்ச்சிக் கருப்பட்டி ஆக்க வேண்டும். எட்டுப் பத்து லிட்டர் பதனியை மணிக்கணக்கில் காய்ச்சினால்தான் ஒரு கிலோ கருப்பட்டி. உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது, சந்தோஷம். 2021-ல் தமிழக அரசின் முதல் வேளாண் பட்ஜெட்டில் பனையை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று அறிவித்தார்கள், அதுவும் சந்தோஷம். மரம் நிற்கும். ஏறுவது யார்?

தாத்தாவுக்கு இரண்டு மகன்கள். ஒருவர் திருப்பூரில், ஒருவர் துபாயில். ரெண்டு பேருக்கும் மரம் ஏறத் தெரியாது. தெரியக்கூடாது என்று தாத்தாவே முடிவு செய்தது அது. அவருடைய அண்ணன் 1983-ல் மரத்தில் இருந்து விழுந்து இடுப்பு ஒடிந்து, ஆறு வருஷம் திண்ணையில் கிடந்து போய்ச் சேர்ந்தவர். நாம் "பாரம்பரியம் அழிகிறது" என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அந்தப் பாரம்பரியத்தைத் தூக்கிக்கொண்டு தினம் இருபத்து நாலு தடவை ஏறி இறங்கியவர், என் பிள்ளைக்கு இது வேண்டாம் என்கிறார். அவரைத் தப்பு சொல்ல யாருக்குத் தகுதி இருக்கிறது?

*

பையன் மறுநாள் ஒரு நோட்டோடு வந்தான். தாத்தா சிரித்தார். "படிக்கப் போன எடத்துலயும் நோட்டு, இங்கயும் நோட்டா?"

"மரம் ஏறச் சொல்லித் தாங்கன்னு கேக்கல தாத்தா. சுண்ணாம்பு மட்டும் சொல்லித் தாங்க."

அன்றைக்கு நாலு கலயத்தை இறக்கிக் கழுவிக் காயப்போட்டிருந்தார். நுனி நசுக்கிய பனைமட்டைத் துண்டை அவன் கையில் கொடுத்தார். பையன் நீர்த்த சுண்ணாம்பைத் தொட்டு உள்ளே தடவினான். எவ்வளவு என்று கேட்டால் "பாத்துப் போடு" என்கிறார். கெமிஸ்ட்ரி படிக்கிறவனுக்கு "பாத்துப் போடு" என்பது ஒரு அளவா? சமையலறையில் இருந்து ஒரு ஸ்பூனை எடுத்துவந்து அளந்தான். நோட்டில் எழுதினான். தாத்தா ஒன்றும் சொல்லாமல் கலயங்களை மேலே கொண்டுபோய்க் கட்டினார்.

மறுநாள் காலை இறக்கிய நாலில் மூன்று பொங்கி நுரைத்துக்கொண்டிருந்தது. புளித்த வாடை பத்தடிக்கு அடித்தது. பையன் முகம் செத்துப்போயிற்று. தாத்தா ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, "ஏல, ஒன்னால இந்த வயசுல நான் ஜெயிலுக்குப் போகணும் போலிருக்கே" என்றார். ஆச்சி அடுப்படியில் இருந்தே சிரித்த சத்தம் கேட்டது :-)

மூன்றையும் மண்ணில் கொட்டினார்கள். ரெண்டு வேளை ஏறி இறங்கிய உழைப்பு ஒரு நிமிஷத்தில் மண்ணோடு போனது. தாத்தா திட்டவில்லை. அதுதான் அவனுக்கு ரொம்ப வலித்தது.

நன்னூலில் கடைசித் தர மாணாக்கனுக்கு உவமையாக நெய்யரி வரும். நெய்யரி என்றால் பன்னாடைதான். சாறை எல்லாம் கீழே விட்டுவிட்டுச் சக்கையை மட்டும் பிடித்து வைத்துக்கொள்கிற ஜாதி. நாசிக்கில் வெனிலா, தேங்காய் என்று பெயர்களை மட்டும் பிடித்துக்கொண்டு வந்தவனுக்கு, அளவு என்பது ஸ்பூனில் இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. இரவில் மேகம் போட்டுப் புழுக்கமாக இருந்ததை அவன் கவனிக்கவில்லை. கழுவிய கலயம் முழுசாகக் காயாமல் இருந்ததைக் கவனிக்கவில்லை. தாத்தா கவனித்திருந்தார். சொல்லித்தராமல் விட்டதும் தெரிந்தேதான்.

அதன் பிறகு அவன் நோட்டு மாறியது. தேதி, வானம், காற்று, எந்த மரம், எந்தக் கலயம், சுண்ணாம்பு தடவிய கலயம் காய்ந்ததும் உள்ளே என்ன நிறம், காலையில் நுரை எவ்வளவு, தாத்தா குடித்துவிட்டு என்ன சொன்னார் என்று வரி வரியாக எழுதினான். தாத்தாவின் சொற்களையே தலைப்பாகப் போட்டான். சப்பு. கொழுப்பு. கடுப்பு. தெளிவு. "பால் மாதிரி" என்பது ஒன்று. "வெயில் குடிச்சிருக்கு" என்பது ஒன்று. பதனி ருசிக்குப் பெயரே இல்லை என்று நாசிக்கில் நினைத்தவனுக்கு, பதினெட்டு நாளில் இருபத்தாறு பெயர் கிடைத்தது! எல்லாம் இருந்திருக்கிறது. யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

பதினோராம் நாள் அவன் தடவிய கலயம் ஒன்றை இறக்கி, தாத்தா பட்டையில் ஊற்றிக் குடித்தார். ஒன்றும் சொல்லவில்லை. இன்னொரு பட்டை ஊற்றிக் குடித்தார். பையன் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டான்.

*

ஜூன் முதல் வாரம் குற்றாலத்தில் தண்ணீர் விழ ஆரம்பித்துவிட்டது என்று அம்மா போனில் சொன்னாள். பையன் அப்போது புனே திரும்பியிருந்தான். தாத்தா கலயங்களை எல்லாம் கழுவிக் கவிழ்த்துவிட்டாராம். முழங்கால் வீங்கியிருக்கிறதாம். டாக்டர் இனிமேல் ஏறக்கூடாது என்று சொல்லிவிட்டாராம். அடுத்த தைக்குப் பார்க்கலாம் என்கிறாராம்.

போனை வாங்கித் தாத்தா கேட்டது ஒன்றுதான்.

"ஏல, அந்த நோட்டு பத்திரமா இருக்கா?"

"இருக்கு தாத்தா."

"ஓடைக்கரை மரத்துக்குத் தெக்குப் பாளையில கொஞ்சம் கூடப் போடணும். அதச் சொல்ல மறந்துட்டேன். எழுதிக்கோ."

எழுதிக்கொண்டான்.